மூச்சு விடும் சட்டை

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் குளிர் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. மார்கழி விடியற்காலையில் கொஞ்சம் ஊதல் அடிக்கும். தலையில் துண்டைக் கட்டினால் அதுவும் போய்விடும். தெரியாத விஷயத்தில் முடிவெடுக்க வேண்டுமென்றால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? குழு அமைப்பார்கள். அமைத்தார்கள். 'குளிர்ப்பிரதேச ஓட்டக்காரர் மேலாடைத் தேர்வுக் குழு' என்று அதற்குப் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஓட்டமே முடிந்துவிடும்.

குழு அமைக்கக் காரணமாக இருந்தவள் பொன்மணி. பிளஸ் ஒன் படிக்கிற பெண். அப்பா இல்லை. அம்மா இருளம்மாள் பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றி முடிச்சுப் போடுகிறவள். காலையில் கம்பெனி வேன் ஊரை விட்டுப் புறப்படும்போது பொன்மணியும் புறப்படுவாள். வேனுக்கு முன்னால் ஓடுவாள். உள்ளே இருக்கிற பெண்கள் தலையை நீட்டி, டிரைவருக்கு வழி காட்டுகிறாயா என்று கேலி செய்வார்கள். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். கம்பெனி கேட் வரை ஓடிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவாள். ஓட்டம் நின்றுபோனால் அந்த வேனுக்குள் ஏறவேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். இருளம்மாளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் மாநிலப் போட்டியில் ஜெயித்து, தேசியப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். ஜனவரி மாதம், இமாச்சலத்தில் ஒரு மலையூரில், பனிக்கு நடுவே ஓட வேண்டும். முதல் ஆறு பேருக்குள் வந்தால் விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு, பிறகு ரயில்வேயிலோ போலீசிலோ வேலை. வராவிட்டால் வேன். விஷயம் அவ்வளவுதான்.

போட்டி நடத்துகிறவர்கள் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்கள். ஓடுகிறவர்கள் எடை குறைந்த, மூச்சு விடும் தன்மையுள்ள மேல்சட்டை ஒன்று கொண்டுவர வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தின் விளையாட்டு வாத்தியார் செழியன் மதுரைக்கு பஸ் ஏறினார். திருப்பூர் ஏற்றுமதியில் கழித்துப் போட்ட துணிகளை விற்கிற கடையில் நாள் முழுக்கக் குடைந்து ஒரு நீலச் சட்டையைக் கண்டுபிடித்தார். மடித்தால் டிபன் டப்பாவுக்குள் அடங்கும். முன்பக்கம் ஜிப். அக்குளில் பொடிப்பொடியாகத் துளைகள். வெளிக்காற்றை உள்ளே விடாது. உள்ளே ஊறும் வேர்வையைத் தேக்கி வைக்காது. பொன்மணி அதைப் போட்டுக்கொண்டு வேனுக்கு முன்னால் ஓடினாள். இந்த ஊர் வெயிலிலேயே அது உடம்பில் ஒட்டவில்லை. சட்டை போட்ட மாதிரியே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள். செழியன் அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தார். பாவம், நல்ல மனுஷன்.

சங்கம் என்று ஒன்று இருக்கிறதே. கரிசல் வட்டாரத் தடகள வளர்ச்சிச் சங்கம். அதன் சீல் விழாமல் எந்தப் பிள்ளையும் வெளியூர் போய் ஓட முடியாது. சங்கத்தில் ஓடுகிறவர் ஒருவரும் கிடையாது, நடக்கிறவர்களே குறைவு. தலைவர் அய்யாதுரை, ஜோதிமுகம் பயர் ஒர்க்ஸ் முதலாளி. இருளம்மாள் வேலை பார்ப்பது அவர் கம்பெனியில்தான். செயலாளர் லட்சுமிகாந்தம், பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சகக்காரர். மற்ற உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவார்கள், முந்திரிப்பருப்பு தின்பார்கள், தலையாட்டுவார்கள். அவர்களுக்குப் பெயர் எதற்கு?

முதல் கூட்டம் சிவகாசியில் அய்யாதுரையின் விருந்தினர் மாளிகையில் நடந்தது. குளிர்ப்பிரதேசம் பற்றிய கூட்டம் என்பதால் ஏசியை முழுசாக வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் பாராட்டு விழாக்களில் வாங்கிய பொன்னாடைகளைக் கொண்டுவந்து போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செழியனுக்குப் பொன்னாடை இல்லை. நடுங்கிக்கொண்டு நின்றார்.

லட்சுமிகாந்தம் சுற்றறிக்கையைப் படித்தார். மூச்சு விடும் சட்டை என்ற இடம் வந்ததும் அய்யாதுரை கையைக் காட்டி நிறுத்தினார்.

"சட்டை எதுக்கு வாத்தியாரே மூச்சு விடணும்? உள்ள இருக்கிற பிள்ளை விட்டாப் பத்தாதா?"

செழியன் விளக்கினார். ஓடும்போது உடம்பு கொதிக்கும், வேர்வை ஊறும், அந்த ஈரம் ஆவியாகி வெளியே போக வழி வேண்டும், போகாவிட்டால் குளிர்காற்று பட்டதும் அந்த ஈரமே ஆளை விறைக்க வைத்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னார். அய்யாதுரை கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்று செழியன் நினைத்தபோது கண்ணைத் திறந்து பேசினார்.

"கம்பெனி ஆரம்பிச்ச நாள்லருந்து நான் ஒண்ணு சொல்லிக்கிட்டு வாறேன். போன வருசம் நம்ம கம்பெனியில ஒரு சின்னச் சம்பவம். ஒரு ரூமு கூரையே போச்சு. வெளிய ஒரு ஆளு மூச்சு விட்டாகளா? பேப்பர்ல ஒரு வரி வந்துச்சா? அம்புட்டுக் கட்டுப்பாடு. அப்பேர்ப்பட்ட கம்பெனி வீட்டுப் பிள்ளை, மூச்சு விடுற சட்டையப் போட்டுக்கிட்டு வடக்க போயி நின்னா நம்ம வட்டாரத்தப் பத்தி என்ன நெனைப்பாக?"

கைதட்டினார்கள். மூச்சு விடுதல் ஒழுக்கக் குறைவு என்று தீர்மானம் போட்டார்கள். இந்தச் சட்டைக்கும் அந்தக் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று செழியனுக்குக் கடைசி வரை புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிந்திருக்கும்.

இரண்டாம் கூட்டத்தில் சட்டையையே மேஜையில் வைத்தார்கள். லட்சுமிகாந்தம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது பருத்தி இல்லையே என்றார். முந்திரித் தட்டுக்குப் போன கைகள் பாதியில் நின்றன. பட்டாசுக் கம்பெனி வாசலில் பெரிய போர்டு உண்டு: பருத்தி ஆடை மட்டுமே அணிய வேண்டும், இரும்புப் பொருள் உள்ளே கொண்டுவரக் கூடாது. நைலான் துணி உரசினால் பொறி பறக்கும், இரும்பு உரசினாலும் பறக்கும், வெடிமருந்து பற்றிக்கொள்ளும். நியாயமான சட்டம். ஆனால் பொன்மணி ஓடப்போவது மருந்து அறைக்குள் அல்ல, பனிமலையில். செழியன் அதைத்தான் சொன்னார்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே கிடையாது என்றார் அய்யாதுரை. ஒரு கம்பி மத்தாப்பைக் கொண்டுவரச் சொன்னார். மத்தாப்பைக் கொளுத்திச் சட்டையின் கையில் வைத்தார். துணி சுருங்கி, உருகி, முந்திரித் தட்டில் சொட்டியது. பார்த்தீகளா என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். உறுப்பினர்கள் உச்சுக்கொட்டினார்கள். இப்படிப்பட்ட ஆபத்திலிருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. செழியன் மதுரையில் நாள் முழுக்கக் குடைந்து எடுத்த சட்டை நீலக் கட்டியாக முந்திரிப்பருப்போடு ஒட்டிக்கிடந்தது.

அந்தச் சாதுவான மனுஷனுக்கே அன்றைக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் கம்பெனியில் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் எல்லாம் நைலான் சேலைதானே கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டார்.

அய்யாதுரை கோபப்படவில்லை. "அதுக்குத்தான் போர்டு வச்சிருக்கோமே வாத்தியாரே. எம்புட்டுப் பெரிய போர்டு. நம்ம லட்சுமிகாந்தம்தான் நாலு கலர்ல அடிச்சுக் குடுத்தாரு. அதையும் மீறி நைலானக் கட்டிக்கிட்டு வந்தா அவுக தலையெழுத்து. இந்தப் பிள்ளை அப்படியா? பேப்பர்ல போட்டோ வரும். நம்ம பேரு வரும்."

பருத்திச் சட்டையே தைப்பது என்று முடிவாயிற்று. குளிர் தாங்க வேண்டும் என்பதால் சாத்தூரில் மெத்தை தைக்கிற ஆளிடம் கொடுத்தார்கள். இரட்டைத் துணி வைத்து, நடுவில் பஞ்சு திணித்து, கட்டம் கட்டமாகத் தைத்துக் கொடுத்தார். ஜிப் இரும்பு, ஆகாது. பட்டன் தேய்த்தால் சூடேறும், அதுவும் ஆகாது. கழுத்திலிருந்து இடுப்பு வரை வரிசையாகத் துணி நாடா வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். எடை குறைந்த என்று சுற்றறிக்கையில் இருக்கிறதே என்று செழியன் முனகினார். மெத்தைக்காரரை வரவழைத்து விசாரித்ததில், தான் வழக்கமாகத் தைக்கும் மெத்தையைவிட இது எடை குறைவுதான் என்று அவர் சத்தியம் பண்ணினார். அப்படியே பதிவு செய்துகொண்டார்கள்.

முதுகில் வெறுமையாகக் கிடக்கிற இடத்தை லட்சுமிகாந்தத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பட்டாசு லேபிளில் வருகிற, விமானத்தில் உட்கார்ந்து சிரிக்கிற குழந்தை, மேலே ஜோதிமுகம் என்று வளைவெழுத்து, கீழே தலைவர் முதல் உறுப்பினர்கள் வரை எல்லோர் பெயரும். கெட்டி பெயின்ட்டில் முதுகு முழுக்க அடித்தார். இனிமேல் அந்தச் சட்டை ஆசைப்பட்டாலும் மூச்சு விட முடியாது.

குளிர்ப் பரிசோதனை பாக்கி இருந்தது. ஐஸ் கம்பெனியில், ஐஸ் கட்டி அடுக்கிய அறைக்குள் லட்சுமிகாந்தமே சட்டையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். வட்டாரத்துக்காக அவர் செய்த தியாகம் அது. கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. எழுப்பி வெளியே கூட்டிவந்தபோது ஐஸ் நீரில் சட்டை நனைந்து, நாடா முடிச்சுகள் இறுகிப்போயிருந்தன. இரண்டு பேர் சேர்ந்து பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார்கள். நனைந்தால் அவிழ்க்க வராதே, ஓடும்போது பிள்ளை என்ன செய்வாள் என்று செழியன் கேட்டார். சட்டை ஆளை விடாமல் உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது என்று லட்சுமிகாந்தம் எழுதிக்கொண்டார். குளிர்ந்ததா என்று கேட்டதற்கு, தூக்கம் நன்றாக வந்தது என்றார். பரிசோதனை வெற்றி.

போவதற்கு முந்தின நாள் அய்யாதுரை கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். போட்டோ எடுக்கிற வரை சட்டையைக் கழற்றக்கூடாது. கழற்றினால் அடுத்த போட்டிக்குச் சீல் கிடையாது. பொன்மணி சரி என்று தலையாட்டினாள். இருளம்மாளும் தலையாட்டினாள். முதலாளி சொன்னால் வேறு என்ன செய்வார்கள்?

பந்தயத்தில் நடந்ததைச் செழியன் பிறகு அதிகம் பேசியதில்லை. எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். பாதி தூரம் வரை பொன்மணி முன்னால் ஓடுகிற கூட்டத்தில் இருந்தாள். ஏற்றத்தில் வேர்வை ஊறிப் பஞ்சு முழுக்க நனைந்து சட்டை கனத்தது. மேட்டில் ஏறியதும் காற்று அடித்தது. மற்ற பெண்கள் ஜிப்பை இறக்கிச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். சீல் போனால் போகிறது என்று இவளும் நாடாவை இழுத்தாள். விரல் விறைத்துப் போயிருந்தது. முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. ஓடிக்கொண்டே இழுத்தாள், நின்று இழுத்தாள். நின்ற நேரத்தில் தாண்டிப் போனார்கள்.

ஆறு பேருக்கு அடுத்ததாக வந்தாள். கோட்டைத் தாண்டியதும் செழியன் ஓடிப்போய்ப் பல்லால் முடிச்சைக் கடித்தார். "கை வரல சார். அவுக்க முடியல சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அழவில்லையாம். திரும்பி வரும்போது ரயிலில் காய்ச்சல். மாநிலத்துக்கு மாநிலம் வெயில் ஏறிக்கொண்டே வந்தது. அவளுக்கு மட்டும் நடுக்கம் நிற்கவில்லை.

சங்கம் பாராட்டுக் கூட்டம் போட்டது. பொன்மணிக்கு அல்ல, குழுவுக்கு. அய்யாதுரை அறிக்கை வாசித்தார். பந்தயம் முழுவதும் தீ விபத்து எதுவும் நிகழவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொண்டார். உயிர்ச்சேதம் இல்லை, பொருட்சேதம் இல்லை. தோல்விக்குக் காரணம் அங்கே நிலவிய குளிர். அதைக் குழுவின் பொறுப்பில் சேர்க்க முடியாது. உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். சட்டை சங்கத்தின் சொத்து என்பதால் வாங்கி, ஜோதிமுகம் ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிவைத்தார்கள். விமானத்துக் குழந்தை அங்கிருந்து சிரித்துக்கொண்டிருந்தது. மறுபடி சீல் கேட்டுப் போன செழியனிடம், பிள்ளைக்கு நெஞ்சுத் தெம்பு போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

பரீட்சை முடிந்ததும் பொன்மணி வேனில் ஏறினாள். கம்பெனியில் வயசைப் பதினெட்டு என்று போட்டுக்கொண்டார்கள். அதற்குக் குழு எதுவும் தேவைப்படவில்லை. டிரைவருக்கு இப்போது வழி காட்ட யாருமில்லை. வேனுக்குள் ஒருத்தியும் கேலி பேசுவதில்லை.

சித்திரை வெயிலில் பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்று வெடித்தது. இந்தத் தடவை மூச்சு வெளியே வந்துவிட்டது. பேப்பரில் படத்தோடு வந்தது. எல்லாக் கம்பெனிகளையும் பார்க்க ஒரு அதிகாரி வருகிறார் என்று ஜோதிமுகத்துக்குச் செய்தி வந்தபோது அந்த அதிகாரி ஏற்கெனவே கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வந்திருந்தார். பெண்கள் எல்லோரும் நைலான் சேலையில் உட்கார்ந்திருந்தார்கள். வட்டாரத்திலேயே சட்டப்படி தைக்கப்பட்ட உடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

போர்மேன் காளிராஜுக்கு அய்யாதுரை யோசனை சொன்னார். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒருத்தி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்களுடையது வெளுக்கப் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதிகாரி அந்த அறையை விட்டு நகர்ந்ததும் சட்டையை அவிழ்த்து, பின்பக்க வழியாக ஓடி, அடுத்த அறையில் ஒருத்திக்குக் கட்டிவிட வேண்டும். நடுவில் அதிகாரியை நிறுத்திவைத்து இளநீர் கொடுப்பதும் தீபாவளி சீசனைப் பற்றிப் பேசுவதும் முதலாளி பொறுப்பு. யாரும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டுக் காளிராஜ் ஓட ஆரம்பித்தார்.

எனக்குத் தெரிந்து அந்தச் சட்டை ஒழுங்காக ஓடியது அன்றைக்குத்தான். அறைக்கு அறை பறந்தது. அதிகாரி எட்டிப் பார்த்தார், பருத்தியா என்று கேட்டார், எழுதிக்கொண்டார். எல்லா முதுகிலும் ஒரே குழந்தை ஒரே விமானத்தில் சிரிப்பதை அவர் கவனித்தாரோ என்னவோ, கம்பெனி யூனிபார்ம் அழகாக இருக்கிறது என்றார்.

சட்டை இருளம்மாளின் அறைக்கு வந்தது. மகள் அளவுக்குத் தைத்தது, அவளுக்கு இறுக்கிப் பிடித்தது. அவசரத்தில் காளிராஜ் மேல் நாடாவைக் கட்டினார். மற்றதைத் தானே கட்டிக்கொள்வதாக அவள் சொன்னாள். சுற்றின சணல் பிரியக்கூடாது என்று நாள் பூராவும் போடுகிற முடிச்சு ஒன்று அவள் கையில் இருக்கிறது. அதைப் போட்டாள். ஒவ்வொரு நாடாவிலும் போட்டாள். காளிராஜ் கட்டியதையும் அவிழ்த்து அதையே போட்டாள். வேண்டுமென்றேதான் போட்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அடுத்த அறையில் பொன்மணி இருந்தாள். அளவு அவளுடையதுதானே என்று அவளுக்கே கட்டிவிடச் சொல்லியிருந்தார்கள்.

அதிகாரி வந்தார். பருத்தியா? ஆமாங்கய்யா. எழுதிக்கொண்டு நகர்ந்தார். முதலாளி இளநீரோடு குறுக்கே போனார். குடித்துக் குடித்து வயிறு நிரம்பிவிட்டது என்று அதிகாரி வேகமாக நடந்தார். காளிராஜ் நாடாவை இழுத்தார். வேர்வையில் நனைந்திருந்தது. நகத்தால் பிறாண்டினார், பல்லால் கடித்தார். கத்தரி எடுக்கலாம் என்றால் இரும்பு, அதிகாரி கண்ணெதிரே எப்படிக் கொண்டுவருவது? அவளையே பின்பக்கமாக இழுத்துப்போகப் பார்த்தார். இருளம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ தாயி, அவுத்துரு. மொதலாளி என்னையக் கொன்னுபோடுவாரு" என்று காளிராஜ் கெஞ்சினார்.

"கை வரலண்ணே" என்றாள் இருளம்மாள். "எம்மகளுக்கும் இப்படித்தான் வரல. அவ ஒருக்கா போட்டது போதும்."

பக்கத்து அறை வாசலில் அதிகாரியின் செருப்புச் சத்தம் நின்றது. உள்ளே எல்லோரும் நைலானில் இருக்கிறார்களே என்று கேட்டார். வெளுக்கப் போயிருக்கிறது என்று முதலாளி சொல்ல ஆரம்பித்தது பாதியில் நின்றது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளை அதிகாரி பார்த்துவிட்டிருக்க வேண்டும்.

உனக்கு என்ன வயசும்மா என்ற கேள்வி இருளம்மாளின் அறை வரைக்கும் கேட்டது. பதினெட்டு, பதினெட்டு என்று அய்யாதுரையின் குரல் முந்திக்கொண்டு வந்தது. நான் அந்தப் பிள்ளையிடம் கேட்கிறேன் என்றார் அதிகாரி. காளிராஜ் முடிச்சை விட்டுவிட்டார். இருளம்மாள் இரண்டு கையையும் சட்டைமேல் வைத்து அமுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

பொன்மணி ஒரு மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"பதினாறுங்கய்யா" என்றாள்.